அஞ்சு நிமிஷ தோட்ட வேலைதானேன்னு வெறும் கண்ணோட இறங்காதீங்க

வீட்டைச் சுத்தி வளர்ந்த புல்லை வெட்டறது, வேலிச் செடியை கழிச்சு விடறது, காஞ்ச கிளையை ஒடிச்சு ஓரமா போடறது, இதையெல்லாம் நம்மள்ல யாரும் ஆபத்தான வேலைன்னு நினைக்கறதே இல்ல. வெல்டிங் பண்றவர் கண்ணாடி இல்லாம வேலை பாக்கறதைப் பாத்தா நாமளே நின்னு ஒரு வார்த்தை சொல்லுவோம், ஆனா அதே நாம லீவு நாள்ல காலைல எழுந்து வெறும் முகத்தோட புல் வெட்டற மெஷினை ஸ்டார்ட் பண்ணிடுவோம். எனக்கு தெரிஞ்சு தோட்டம் வெச்சிருக்கறவங்க கிட்ட கையுறை இருக்கு, பூட்ஸ் இருக்கு, சில பேர் முட்டி வலிக்காம உக்கார குட்டி மெத்தை கூட வாங்கி வெச்சிருக்காங்க, கண்ணுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. விரல்ல வெட்டுப்பட்டா பத்து நாள்ல ஆறிடும், தழும்பு இருந்தாலும் விரல் வேலை செய்யும். கருவிழிக்கு, அதாவது கண்ணோட முன்பக்கம் மூடி மாதிரி இருக்கற தெளிவான பகுதிக்கு நடுவுல தழும்பு விழுந்தா அந்த இடம் வெள்ளையா மங்கிடும், அதுக்கப்புறம் அது வழியாத்தான் உலகத்தை பாக்கணும்.

சரியான பாதுகாப்பு கண்ணாடி போட்டிருந்தா கண் காயங்கள்ல 90 சதவீதம் வரைக்கும் தடுத்திருக்கலாம்னு அமெரிக்க கண் டாக்டர்கள் சங்கமான அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஆப்தல்மாலஜி சொல்லிட்டே இருக்காங்க. அதாவது மருந்தோ ஆபரேஷனோ தேவையில்லாம, ஒரு பிளாஸ்டிக் கண்ணாடியை மூக்குல மாட்டினாலே போற விஷயம் இது. அதனாலதான் எனக்கு இதுல இவ்வளவு ஆதங்கம்.

நிறைய பேருக்கு உள்ளுக்குள்ள ஒரு நம்பிக்கை இருக்கு, ஏதாவது வந்தா கண்ணு தானா மூடிக்கும்னு. ஒரு சின்ன கணக்கு போட்டு பாப்போம். இமை முழுசா மூட ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு செகண்ட் ஆகும். புல் வெட்டற மெஷினோட பிளேடு முனை நிமிஷத்துக்கு 19,000 அடிக்கு மேல போகக்கூடாதுன்னு அமெரிக்க தரநிலைல ஒரு வரம்பு இருக்கு, அது செகண்டுக்கு 96 மீட்டர் சொச்சம், அதாவது மணிக்கு கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். அதுல பாதி வேகத்துல ஒரு பொடிக்கல் தெறிச்சுதுன்னு வெச்சுக்கோங்க, தரைல இருந்து உங்க கண்ணு ஒண்ணரை மீட்டர் உயரத்துல இருந்தா அந்தக் கல் வந்து சேர 0.03 செகண்ட்தான் ஆகும். இமை மூட ஆரம்பிக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும். அப்படியே மூடினாலும் அந்த வேகத்துக்கு இமைத்தோல் ஒரு தடையே இல்ல. கருவிழியோட கனம் நடுவுல அரை மில்லிமீட்டர் சொச்சம்தான்.

நைலான் கயிறு சுத்தற ட்ரிம்மர் இருக்கே, பிரஷ் கட்டர்னும் சொல்லுவாங்க, அதைத்தான் நான் ரொம்ப பயப்படுவேன். தள்ளிக்கிட்டு போய் புல் வெட்டற மோவர்ல பிளேடு ஒரு டப்பாக்குள்ள சுத்துது, பெரும்பாலும் சைடுலயோ பின்னாடி பைக்குள்ளயோ கொட்டும். ட்ரிம்மர்ல கயிறு வெளியிலயே சுத்தும், கீழ ஒரு சின்ன கார்டு மட்டும் இருக்கும், அதையும் புல் சிக்குதுன்னு கழட்டி வெச்சிட்டு வெட்டறவங்களை பாத்திருக்கேன். தயவு செஞ்சு அதை கழட்டாதீங்க, உங்க கால்ல இருந்து முகம் வரைக்கும் தெறிக்கறதை தடுக்கற ஒரே தகடு அதுதான். கல்லு மட்டும் இல்ல, கயிறோட நுனியே பிஞ்சு பறக்கும், புல்லுக்குள்ள கிடக்கற கம்பித்துண்டு, ஆணி, கண்ணாடிச் சில்லு, எல்லாமே பறக்கும். சுவர் ஓரமா வெட்டும்போது எதிர்ல போனது சுவர்ல பட்டு திரும்பி பக்கவாட்டுல வரும், முன்பக்கம் மட்டும் மறைக்கற கண்ணாடியால அதை நிறுத்த முடியாது.

இந்த மெஷின் மேனுவல்கள்ல பொதுவா 15 மீட்டர் தூரத்துக்குள்ள யாரும் நிக்கக்கூடாதுன்னு போட்டிருக்கும். 15 மீட்டர்னா ஒரு சின்ன வீட்டுத் தோட்டம் முழுக்கவே அதுக்குள்ள அடங்கிடும். அப்போ தண்ணி கொண்டு வந்து குடுக்கறவங்க, வாசப்படில உக்காந்து வேடிக்கை பாக்கற குழந்தை, எல்லாரும் அந்த வட்டத்துக்குள்ளதான் இருக்காங்க, அவங்க முகத்துல ஒண்ணும் இல்ல. வெட்டறவர் கண்ணாடி போட்டுட்டு குழந்தையை பக்கத்துல நிக்க விடறதை பாத்தா எனக்கு பகீர்னு இருக்கும். குழந்தைங்க வீட்டுக்குள்ள இருக்கட்டும், கதவும் ஜன்னலும் சாத்தி இருக்கட்டும். உங்ககிட்ட ஏதாவது சொல்லணும்னா தூரத்துல இருந்து கையைக் காட்டணும், நீங்க மெஷினை நிறுத்தின அப்புறம்தான் கிட்ட வரணும்னு வீட்ல எல்லாருக்கும் சொல்லி வெச்சிடுங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சுத்து நடந்து கல்லு, கம்பி, மூடி, உடைஞ்ச பொம்மை எல்லாம் பொறுக்கி எடுத்துட்டா பறக்கறதுக்கு பாதி சாமான் இருக்காது.

சரி, எந்த கண்ணாடி? பவர் கண்ணாடி போட்டிருக்கேனே, அது போதாதான்னு கேக்கறவங்கதான் அதிகம். போதாது. அதோட லென்ஸ் அடி தாங்கற சோதனைக்கு செஞ்சது இல்ல, ஃப்ரேம்ல இருந்து லென்ஸ் பின்பக்கமா கழண்டு கண்ணுக்குள்ளயே போகலாம், பக்கவாட்டுல மேல கீழ எல்லாம் திறந்திருக்கும். கூலிங் கிளாஸும் அப்படித்தான், அதுலயும் நிஜ கண்ணாடி லென்ஸா இருந்தா உடைஞ்ச சில்லே கண்ணுக்கு எமன். பாலிகார்பனேட் லென்ஸ் வேணும், அது உடைஞ்சு தெறிக்காம அடியை வாங்கிக்கும், கூடவே புற ஊதா வெயிலையும் தடுத்துடும். கருப்பு லென்ஸ் தேவையே இல்ல, நிறமே இல்லாத லென்ஸும் யூவியை தடுக்கும், மர நிழல்ல கருப்பு கண்ணாடி போட்டா கிளை நுனி தெரியாம அதுலயே போய் இடிச்சுப்போம்.

வாங்கும்போது ஃப்ரேம்லயும் லென்ஸ்லயும் பொறிச்சிருக்கற முத்திரையை தேடிப் பாருங்க. அமெரிக்க தரநிலைன்னா இசட்87னு இருக்கும், பக்கத்துல பிளஸ் குறி இருந்தா அது அதிக அடி தாங்கற சோதனைல தேறினது. அந்த சோதனைல கால் அங்குல இரும்பு குண்டை மூக்குக்கண்ணாடி மாடல் மேல செகண்டுக்கு 150 அடி வேகத்துல சுடுவாங்க, அரை கிலோ எடையுள்ள கூர்முனை ஒண்ணையும் மேல இருந்து போடுவாங்க. ஐரோப்பாவுல ரொம்ப வருஷமா இருந்த தரநிலைன்னா இஎன் 166, அதுல எஃப் எழுத்து இருந்தா 6 மில்லிமீட்டர் இரும்பு குண்டு செகண்டுக்கு 45 மீட்டர்ல வந்தா தாங்கும், பி இருந்தா 120 மீட்டர், ஏ இருந்தா 190 மீட்டர். சாதாரண மூக்குக்கண்ணாடி வடிவத்துல எஃப் வரைக்கும்தான் வரும், பி வேணும்னா முகத்தோட ஒட்டி உக்கார்ற காகில்ஸ், ஏ வேணும்னா முகம் பூரா மறைக்கற ஷீல்டு. இந்திய தரநிலைன்னா ஐஎஸ் 5983. எந்த முத்திரையுமே இல்லாம பாக்க மட்டும் சேஃப்டி கண்ணாடி மாதிரி இருக்கறதை நம்பாதீங்க.

முக ஷீல்டு வாங்கிட்டேன், அப்போ கண்ணாடி வேண்டாம்தானேன்னு அடுத்த கேள்வி வரும். ரெண்டும் வேணும். ஷீல்டுக்கு அடில தாடைப் பக்கம் திறந்துதான் இருக்கும், புல் வெட்டும்போது சாமான் கீழ இருந்துதான வருது. வலை போட்ட ஷீல்டு காத்தோட்டமா இருக்கும், மூச்சுல பனி படியாது, எனக்கும் அது பிடிக்கும், ஆனா தூசியும் செடிப்பாலும் அந்த ஓட்டை வழியா ஜம்முனு உள்ள வந்துடும், அதனால அதுக்கு உள்ள கண்ணாடி கட்டாயம். பவர் கண்ணாடி போடறவங்களுக்கு அதுக்கு மேலயே மாட்டற பெரிய சைஸ் இருக்கு, இல்லன்னா பவரோடயே சேஃப்டி லென்ஸ் போட்டுத் தர்றாங்க. மாட்டிப் பாத்துட்டு புருவத்துக்கிட்டயும் கன்னத்துக்கிட்டயும் சுண்டு விரலை விட்டுப் பாருங்க, விரல் தாராளமா நுழைஞ்சா அந்த சைஸ் உங்க முகத்துக்கு இல்ல. காண்டாக்ட் லென்ஸை ஒரு பாதுகாப்பா யாரும் நினைக்க வேண்டாம், அது தூசியை கண்ணோட ஒட்டி வெச்சுக்கும், மண்லயும் குழாய்த் தண்ணிலயும் அகாந்தமீபான்னு ஒரு கிருமி இருக்கும், அது லென்ஸ் போடறவங்க கருவிழியை படுத்தற பாடு சொல்லி முடியாது. மண்வேலை இருக்கற நாள்ல லென்ஸை கழட்டி வெச்சிட்டு கண்ணாடிக்கு மாறிடுங்க.

மெஷினே இல்லாத வேலைல என்ன வரப்போகுதுன்னு நினைக்கறோம் பாருங்க, எனக்கு அங்கதான் பெரிய பயம். செடிக்கு முட்டு குடுக்க குச்சி நட்டிருப்போம், மெல்லிசா நேரா நிக்கற குச்சியை மேல இருந்து குனிஞ்சு பாத்தா அதோட நுனி ஒரு புள்ளி மாதிரிதான் தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது, களை புடுங்க குனிஞ்சா நேரா கண்ணுக்குள்ளதான். குச்சி நுனில ஒரு பழைய பந்தோ, சின்ன பாட்டிலோ கவுத்து விடுங்க, கலர் துணியாவது கட்டுங்க. முன்னாடி போறவர் கிளையை விலக்கிட்டு விட்டா பின்னாடி வர்றவர் கண்ணுல விளாசும், அதுலயும் முள்ளுக் கிளைன்னா கேக்கவே வேண்டாம். இறுக்கிக் கட்டின கம்பியை வெட்டும்போது ரெண்டு முனையும் சுருண்டு திரும்பும், கொக்கி வெச்ச ரப்பர் கயிறு நழுவினா கொக்கியோட முகத்துக்கே வரும். கடப்பாரைத் தலைல சுத்தியலால அடிக்கறது, உளி வெச்சு கல்லை பேக்கறது, இரும்பு மேல இரும்பு மோதற எந்த வேலையா இருந்தாலும் கண்ணுக்கே தெரியாத சில்லு பிஞ்சு பறக்கும். அது சூடா, கூரா, ரொம்ப வேகமா வந்து சுருக்குனு உள்ள போயிடும், சில பேருக்கு அந்த நேரத்துல பெரிசா வலி கூட இருக்காது, வெளில காயமும் தெரியாது. உள்ள தங்கின இரும்பு துருப்பிடிச்சு மாசக்கணக்குல விழித்திரையை கெடுக்கும். அதனால இரும்புல அடிச்சுட்டு இருக்கும்போது ஏதோ பட்ட மாதிரி இருந்துச்சு, இப்போ ஒண்ணும் இல்லன்னு இருந்தாலும் போய் காமிச்சுடுங்க.

தொரட்டி வெச்சு மேல இருக்கற கிளையை இழுக்கறதும், ஏணில ஏறி தலைக்கு மேல கத்தரிக்கறதும் இன்னொரு ரகம். அண்ணாந்து பாத்துட்டுதான வேலை செய்யணும், மரப்பட்டை தூள், காஞ்ச இலை, எறும்பு, எல்லாம் நேரா கண்ணுலதான் கொட்டும். கம்பளிப்பூச்சி இருக்கற மரம்னா இன்னும் ஜாக்கிரதை. அதோட முடி ஒவ்வொண்ணும் குட்டி முள்ளு, கண்ணுல விழுந்ததும் நாம தேய்ப்போம், தேய்க்கத் தேய்க்க அது உள்ள இறங்கும், சில சமயம் கருவிழியைத் தாண்டி கண்ணுக்குள்ளயே நகந்து போய் மாசக்கணக்கா அழற்சி குடுக்கும். டாக்டர்தான் மைக்ரோஸ்கோப்புல பாத்து ஒவ்வொரு முடியா எடுக்கணும். இந்த வேலைக்கு மேல் பக்கம் புருவத்தோட ஒட்டி உக்கார்ற காகில்ஸ்தான் சரி, நடுவுல இடைவெளி விட்ட கண்ணாடி மேல இருந்து விழற தூளை அள்ளி கண்ணுக்கு குடுத்த மாதிரிதான் ஆகும்.

அடுத்தது செடிப்பால். இதைப் பத்தி பேசறவங்க ரொம்ப கம்மி, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். பால் வர்ற கள்ளி வகைச் செடி எதுவா இருந்தாலும், அழகுக்கு வளக்கற குட்டிக் கள்ளி, திருகுகள்ளி, எல்லாத்துலயும் வெட்டினதும் வெள்ளைப் பால் வடியும், அது கண்ணுல பட்டா தீயா எரியும், எரிச்சல் சில மணி நேரத்துல குறையறதுக்கு பதிலா கூடிக்கிட்டே போகும், கருவிழித் தோல் உரியும், உள்ள அழற்சி வரும். எருக்கம்பால் வேற மாதிரி, அதுதான் ஏமாத்தும். பெரிசா வலி இல்லாம பார்வை மட்டும் புகை மூட்டமா மங்கும். கருவிழியோட உள்பக்கம் இருக்கற ஒரு மெல்லிய செல் அடுக்குதான் அங்க சேர்ற தண்ணியை இறைச்சு வெளில தள்ளி கருவிழியை தெளிவா வெச்சிருக்கு, எருக்கம்பால் அந்த அடுக்கை பாதிச்சுடும், கருவிழி தண்ணி கோத்து வீங்கும். வலிக்கலையேன்னு விட்டுடாதீங்க.

ஊமத்தை இன்னொரு விதம். அதோட சாறு பட்ட விரலால கண்ணை தொட்டா அந்தக் கண்ணோட பாப்பா மட்டும் பெரிசா விரிஞ்சுடும், வெளிச்சம் கூசும், கிட்ட இருக்கறதை படிக்க முடியாது. ஒரு கண் பாப்பா மட்டும் விரிஞ்சிருக்கறது மூளைல பிரச்சனைக்கும் அறிகுறிங்கறதால ஆஸ்பத்திரில பயந்து ஸ்கேன் வரைக்கும் போவாங்க, அதனால தோட்டத்துல என்ன செடியை தொட்டோம்னு நாமளே வாயைத் திறந்து சொல்லணும். அது சில நாள்ல தானா சரியாகும். வீட்டுக்குள்ள தொட்டில வெக்கற டம்ப் கேன் செடில ஊசி ஊசியா கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கு, அந்த சாறு தெறிச்சா ஊசி நேரா கருவிழில குத்தும்.

இதுல பாதி கண்ணுக்கு தெறிச்சு வர்றது இல்ல, நம்ம கையே கொண்டு போய் வெக்கறது. வேலை செய்யும்போது நெத்தி வேர்வை கண்ணுல வடியும், கையுறை போட்ட கையாலயோ முழங்கையாலயோ துடைப்போம், அதுல இருக்கற பால், மண், மருந்து எல்லாம் உள்ள போயிடும். நெத்தில ஒரு துணியை கட்டிக்கோங்க, வேர்வை அதுலயே நின்னுடும், கண்ணைத் தொடற தேவையே வராது. பால் வடியற செடியை வெட்டின கத்தரியையும் கையுறையையும் கழுவாம அடுத்த வேலைக்கு போகாதீங்க. தப்பித்தவறி கண்ணுல பட்டுட்டா உடனே பக்கத்துல எந்த சுத்தமான தண்ணி இருக்கோ அதுல கழுவ ஆரம்பிங்க, அப்புறம் டாக்டர்.

காஞ்ச இலை கீறறதை எல்லாரும் ரொம்ப லேசா எடுத்துக்கறாங்க. என் சித்தப்பாவுக்கு நடந்துது இது. காஞ்ச ஓலையை இழுத்துப் போடும்போது நுனி கண்ணுல லேசா உரசிடுச்சு, அன்னிக்கு ராத்திரி உறுத்தல், மறுநாள் பரவாயில்ல. அப்புறம் சிவக்க ஆரம்பிச்சுது, யாரோ சொன்னாங்கன்னு வீட்ல ஏற்கனவே இருந்த ஒரு சொட்டு மருந்தை விட்டாரு, சிவப்பு குறைஞ்சுது, சரியாயிடுச்சுன்னு எல்லாரும் நிம்மதியா இருந்தோம். அந்த மருந்துல ஸ்டீராய்டு இருந்திருக்கு. சில நாள் கழிச்சு கருவிழில வெள்ளையா ஒரு புள்ளி, வெளிச்சத்தைப் பாக்க முடியல, போய் காமிச்சா பூஞ்சைத் தொற்று. மாசக்கணக்குல மருந்து, புண்ணு ஆறிடுச்சு, ஆனா தழும்பு பார்வைக்கு நேரா நிக்குது.

இலையிலயும் மண்லயும் ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் மாதிரி பூஞ்சைகள் சாதாரணமாவே இருக்கு. கருவிழியோட மேல்தோல் முழுசா இருக்கற வரைக்கும் அதுங்களால உள்ள நுழைய முடியாது, ஒரு சின்ன கீறல் கதவைத் திறந்து விட்டுடுது. மெதுவா வளரும், சில நாள்ல இருந்து ரெண்டு மூணு வாரம் வரைக்கும் கூட கழிச்சு வெளிய தெரியும், அதுக்குள்ள நாம கீறினதையே மறந்திருப்போம். ஸ்டீராய்டு சொட்டு சிவப்பையும் வலியையும் அடக்கி ஆளை ஏமாத்தும், உள்ள பூஞ்சைக்கு எதிரா உடம்பு போடற சண்டையையும் சேத்து அடக்கிடும், அதனால புண்ணு ஆழமா போகும். பூஞ்சைக்கு நாட்டாமைசின் மாதிரி தனி மருந்து இருக்கு, அதை டாக்டர் புண்ணை சுரண்டி டெஸ்ட் பண்ணிட்டு குடுப்பாங்க, வாரக்கணக்குல விடணும். சாதாரண கீறல்னா ஒண்ணுல இருந்து மூணு நாள்ல ஆறிடும். அதுக்கு மேலயும் உறுத்தினா, சிவப்பு கூடினா, வெளிச்சம் கூசினா, பார்வை மங்கினா, கருவிழில வெள்ளையா ஏதாவது தெரிஞ்சா அன்னிக்கே போங்க. இலையோ குச்சியோ பட்டுதுன்னு தெரிஞ்சா இதுக்கெல்லாம் காத்துட்டு இருக்காம மொதல் நாளே ஒரு தடவை காமிச்சுடறது எவ்வளவோ மேல். எண்ணெய், பால், இலைச்சாறு எதையும் கண்ணுல விடாதீங்க, பாசத்துல சொல்றவங்க சொல்லுவாங்க, கேட்டுக்கோங்க, விடாதீங்க.

பூச்சி மருந்து, சுண்ணாம்பு, சிமெண்ட், உரத்தூள், இதுக்கு காத்து ஓட்டை நேரா இருக்கற கண்ணாடி ஆகாது, மறைவா வளைஞ்ச ஓட்டை வெச்ச கெமிக்கல் காகில்ஸ் வேணும். கலக்கும்போதுதான் அதிகம் தெறிக்கும், அடிக்கும்போது மட்டும் மாட்டிக்கிட்டா பிரயோஜனம் இல்ல. காத்து முதுகுப் பக்கம் இருந்து வர்ற மாதிரி நின்னு அடிங்க. சுண்ணாம்பும் சிமெண்டும் காரம், அதாவது ஆசிட்டுக்கு நேர் எதிரான ஆல்கலி, ஆசிட்டை விட இந்தக் காரம் கண்ணுக்கு மோசம். ஆசிட் பட்ட இடத்துல புரதம் உறைஞ்சு ஓரளவுக்கு ஒரு தடுப்பு மாதிரி ஆகிடும், காரம் அப்படி நிக்காது, கொழுப்பை கரைச்சுட்டு உள்ள உள்ள போயிட்டே இருக்கும்.

பட்டுட்டா கழுவறதுதான் மொத வேலை, ஆஸ்பத்திரிக்கு கிளம்பறது ரெண்டாவது. நிறைய பேர் பதட்டத்துல கழுவாமலே வண்டியை எடுத்துடறாங்க, போய்ச் சேர்றதுக்குள்ள நடக்கறதெல்லாம் நடந்துடும். பட்ட கண்ணு கீழ இருக்கற மாதிரி தலையை சாய்ச்சு, மூக்குப் பக்கத்துல இருந்து காது பக்கமா தண்ணி ஓடற மாதிரி மெதுவா ஊத்திக்கிட்டே இருங்க, அப்போதான் அந்தத் தண்ணி நல்ல கண்ணுக்கு போகாது. இமையை விரலால பிரிச்சு பிடிக்கணும், கண்ணு தானா இறுக்கி மூடிக்கும், அதனால இன்னொருத்தர் கூட இருந்தா நல்லது. குறைஞ்சது 15 இருந்து 20 நிமிஷம், சுண்ணாம்பு சிமெண்ட்னா அரைமணி நேரமாவது. காண்டாக்ட் லென்ஸ் இருந்தா கழுவிக்கிட்டே எடுத்துடுங்க. இமைக்கு அடில சுண்ணாம்புத் துகள் ஒட்டிக்கிட்டிருந்தா அது கரைஞ்சுகிட்டே இருக்கும், ஈரத்துணி நுனியால அதை எடுத்துடணும். காரத்துக்கு புளிப்பு சரியாப்போகும்னு எலுமிச்சையோ வினிகரோ விடற யோசனை யாருக்கும் வரக்கூடாது, வெறும் தண்ணிதான். மருந்து டப்பாவை கையோட எடுத்துட்டு போங்க.

குத்தினதுக்கு இதுக்கு நேர் எதிர். முள்ளு, கம்பி, சில்லு எதுவா இருந்தாலும் கண்ணுல குத்தி நிக்குதுன்னாலோ, குத்தி ஓட்டை விழுந்த மாதிரி சந்தேகம் இருந்தாலோ, பாப்பா வட்டமா இல்லாம கண்ணீர்த்துளி வடிவத்துக்கு இழுத்திருந்தாலோ, கழுவக்கூடாது, தேய்க்கக்கூடாது, புடுங்கக்கூடாது, பஞ்சு வெச்சு அழுத்திக் கட்டக்கூடாது, ஆயின்மெண்ட் போடக்கூடாது. ஒரு பேப்பர் கப்போட அடிப்பாகத்தை வெட்டி கண்ணைத் தொடாம சுத்தி இருக்கற எலும்பு மேல உக்கார்ற மாதிரி வெச்சு ஒட்டிட்டு நேரா கண் ஆஸ்பத்திரிக்கு போங்க. ஆபரேஷன் பண்ண வேண்டி இருக்கலாம், அதனால எதுவும் சாப்பிடாம குடிக்காம போறது நல்லது. பந்து மாதிரி மொத்தையா ஏதாவது அடிச்சாலும் கவனிங்க, கருவிழிக்கு பின்னாடி ரத்தம் தேங்கி நிக்கலாம், மின்னல் மாதிரி வெட்டறது, கருப்புப் புள்ளி கூட்டமா மிதக்கறது, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி மறைக்கறது இதெல்லாம் விழித்திரை கிழிஞ்சதோட அறிகுறி. வலிக்குதுன்னு ஆஸ்பிரின் போடாதீங்க, ரத்தக்கசிவை கூட்டும்.

குழந்தைங்க விஷயத்துல, பார்வையில்லாதவங்க விரலால தடவிப் படிக்கற எழுத்தை உருவாக்கின லூயி பிரெயிலை நினைச்சுப் பாருங்க. 1809ல பிறந்தவர், மூணு வயசுல அப்பாவோட தோல் பட்டறைல விளையாடும்போது ஒரு கூரான கருவி ஒரு கண்ணுல குத்திடுச்சு. அந்தக் கண்ணுல வந்தது இன்னொரு கண்ணுக்கும் போய் அஞ்சு வயசுக்குள்ள ரெண்டும் போயிடுச்சு. ஒரு கண்ணுல ஆழமா காயம் பட்டா உடம்பே இன்னொரு கண்ணை தாக்கற நிலை அபூர்வமா இன்னிக்கும் வர்றதுண்டு, சிம்பதெடிக் ஆப்தால்மியான்னு பேர். அரிவாள், கத்தரி, களைக்கொத்தி எதையும் வேலை நடுவுல தரைல போட்டுட்டு தண்ணி குடிக்க போகாதீங்க. கூட வேலை செய்ய ஆசைப்படற குழந்தைக்கு அது சைஸ்ல ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்க, பெரியவங்களோடதை மாட்டி விட்டா நழுவி நழுவி விழுந்து கடைசில கழட்டிப் போட்டுடும்.

போட்டா பனி படியுது, ஒண்ணும் தெரியலைன்னு கழட்டிடறதுதான் நான் அதிகம் கேக்கற காரணம், அது நியாயமான குறையும் கூட. பனி படியாத பூச்சு உள்ள லென்ஸா பாத்து வாங்குங்க, காத்து போற வழி இருக்கற மாடலா எடுங்க, வெயில் ஏறறதுக்கு முன்னாடியே வேலையை முடிங்க. அப்படியும் படிஞ்சா மெஷினை நிறுத்திட்டு தள்ளிப் போய் துடைச்சுட்டு வாங்க, ஓடற மெஷின் பக்கத்துல நின்னு கண்ணாடியை நெத்திக்கு ஏத்தாதீங்க. கழட்டறதுக்கும் ஒரு முறை இருக்கு. தலை, தொப்பி, புருவம் எல்லாம் தூசி அப்பியிருக்கும், அண்ணாந்து கழட்டினா அத்தனையும் கண்ணுக்குள்ள கொட்டும். குனிஞ்சு தலையை தட்டி உதறிட்டு, கண்ணை மூடிக்கிட்டு கழட்டி, முகத்தை கழுவின அப்புறம் கண்ணைத் திறங்க. லென்ஸை காஞ்ச துணியால துடைச்சா தூசி கீறி ரெண்டே வாரத்துல மங்கிடும், மொதல்ல தண்ணில அலசணும், அப்புறம்தான் துடைக்கணும். ஒரு பலமான அடி வாங்கின கண்ணாடியை பாக்க நல்லா இருந்தாலும் தூக்கிப் போட்டுடுங்க.

எங்க வெக்கறீங்கங்கறது ரொம்ப முக்கியம், என்னைக் கேட்டா எந்த பிராண்ட்ங்கறதை விட முக்கியம். பீரோக்குள்ள இருக்கற கண்ணாடியை அஞ்சு நிமிஷ வேலைக்கு யாரும் போய் எடுக்க மாட்டாங்க. ட்ரிம்மர் கைப்பிடிலயே ஒண்ணு தொங்கட்டும், கத்தரி மாட்டற ஆணில இன்னொண்ணு, மருந்து டப்பா பக்கத்துல காகில்ஸ். அதை எடுக்காம டூலை எடுக்க முடியாதபடி மாட்டி வெச்சிடுங்க.

கடைசியா, டாக்டர்கிட்ட போற நிலைமை வந்துட்டா சும்மா கண்ணு உறுத்துதுன்னு மட்டும் சொல்லாதீங்க. என்ன வேலை செஞ்சீங்க, பட்டது இலையா, மண்ணா, கல்லா, இரும்பா, எத்தனை மணிக்கு பட்டுது, கண்ணாடி போட்டிருந்தீங்களா, ஏற்கனவே என்ன சொட்டு விட்டீங்க, கடைசியா டெட்டனஸ் ஊசி எப்போ போட்டீங்க, எல்லாத்தையும் சொல்லுங்க. இரும்பு சில்லு உள்ள இருக்கலாம்னு சந்தேகம் இருந்தா அதை மறக்காம அழுத்திச் சொல்லுங்க, ஏன்னா அப்படி இருந்தா எம்ஆர்ஐ எடுக்கவே கூடாது, அந்த காந்தம் கண்ணுக்குள்ள இருக்கற இரும்பை இழுத்துடும், எக்ஸ்ரேயோ சிடியோதான் எடுக்கணும்.